மாமாவோட பேச்சு இல்ல

சுமலதா: ...அது அவரு இல்லீங்க. வேற யாரோ.

தங்கராஜ்: பனமலை ஏரிக்கரையில புல்லாங்குழல வச்சி இப்பிடி ஊதறவரு உலகத்துல ஒருத்தர்தான். எங்க அக்கா வூட்டுக்காரரு. கெளம்பு, செஞ்சிக்கே, நம்ம வூட்டுக்குத் திரும்பிடலாம்.

சுமலதா: வெயில் இப்பதான் தாழ்ந்துது. புள்ள இப்பதான் தண்ணியில காலயே வச்சிருக்கா...

தங்கராஜ்: ரஞ்சனீ! கரையேறு!

சுமலதா: நீ ஆடு கண்ணு! ஆழத்துக்கு மட்டும் போவாத! ...ஏங்க, ஏரிய அவரு பேருக்கா பட்டா போட்டுக் குடுத்திருக்குது?

தங்கராஜ்: ரெண்டு வருஷமா எனக்கும் மாமாவுக்கும் பேச்சு இல்ல. தெரியுமில்ல?

சுமலதா: தப்பு உங்க பேர்லதான். அவங்க புது வூடு குடி போன அன்னிக்கி, அத்தினி ஜனத்துக்கு எதிர்ல ஆசையா ஊதினாரு. நீங்க இன்னா கேட்டீங்க?

தங்கராஜ்: குக்கர் எத்தினி விசில் வந்துச்சுன்னு கேட்டேன். நெசமாவே சமையல்கட்டுல இருந்து வருதுன்னுதான் நெனச்சேன், சுமா!

சுமலதா: சிரிக்காதீங்க... எனக்கும் வருது.

தங்கராஜ்: 'இந்த வாசப்படிய மிதிக்காத'ன்னாரு. மிதிக்கல. நான் மானஸ்தன்.

மஞ்சு: ஏ தம்பி! தங்கராஜூ!

தங்கராஜ்: அக்கா? நீ எங்க இங்க?

மஞ்சு: சும்மா... காத்து வாங்கலாம்னு.

தங்கராஜ்: விழுப்புரத்துல காத்து இல்லியா?

மஞ்சு: இல்லடா. நேத்துல இருந்து சுத்தமா இல்ல.

சுமலதா: அடடே, அண்ணி! உங்கள எதிர்பாக்கவே இல்ல! புளிசோறு எடுத்தாந்தீங்களா?

மஞ்சு: எடுத்தாந்தேன். நீ சுட்ட மசால்வட எங்க?

தங்கராஜ்: எதிர்பாக்காமயே ஆளுக்கு ஒண்ணு செஞ்சி எடுத்தாந்துட்டீங்க? ரெண்டு பேரும் பேசி வச்சித்தான் எங்கள இட்டாந்திருக்கீங்க!

மஞ்சு: ஆமாண்டா. இப்ப இன்னான்ற? வர்ற வைகாசியில என் பொண்ணு அன்புக்கரசிக்குக் கல்யாணம். தாய்மாமன் நீ இல்லாம எப்பிடிடா?

தங்கராஜ்: அவரு வந்து கூப்புடட்டும்.

மஞ்சு: அவருகிட்ட சொன்னா, 'அவன் வந்து கேக்கட்டும்'னு சொல்றாரு. நடுவுல நான் எத்தினி நாளு அழுதுட்டேன், தெரியுமா?

சுமலதா: அண்ணி, அழுவாதீங்க... அங்க பாருங்க, அண்ணனே எழுந்து வராரு!

மஞ்சு: அய்யய்யோ! தம்பி, மூஞ்சிய அப்பிடி வச்சிக்காதடா.

தங்கராஜ்: என் மூஞ்சியே இப்பிடித்தான்.

சுமலதா: எழுந்து நில்லுங்க. ஒரு 'வாங்க மாமா'... ரெண்டே வார்த்த.

தங்கராஜ்: மொதல்ல அவரு பேசட்டும்.

மஞ்சு: இன்னாங்க, நீங்களாவது பேசுங்க... இன்னாது? ...காதுல உழல, சத்தமா சொல்லுங்க... ஓ.

சுமலதா: இன்னா சொல்றாரு அண்ணி?

மஞ்சு: 'இந்தா மச்சான், ஞாயித்துக்கெழம டீக்கடையில உன் கண்ணாடிய உட்டுட்டுப் போயிட்ட'ன்றாரு.

சுமலதா: எந்த ஞாயித்துக்கெழம? ஏங்க, மூக்குக்கண்ணாடி வண்டியில போறப்போ உழுந்துடுச்சுன்னு சொன்னீங்களே!

மஞ்சு: டேய், நிமுந்து பாரு. எத்தினி நாளா நடக்குது இது?

தங்கராஜ்: ஒரு வருஷமா, அக்கா... நாங்க அப்பவே சமாதானம் ஆயிட்டோம். ஆனா அவரு கோவத்த ஆத்தணும்னு நீ வாராவாரம் கோழி அடிச்சிப் போடற, எனக்கு இவ மீன்கொழம்பா வச்சித் தள்ளறா... அதக் கெடுத்துக்க எங்க ரெண்டு பேருக்குமே மனசு வரல.