பெயர் மாற்றம் மட்டும்

நான் எதையும் ஒழுங்காக வைப்பவள். சமையலறையில் டப்பாவுக்கு டப்பா பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். வீட்டைச் சோதனை போட்டபோது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அலுவலகத்திலும் அப்படித்தான். நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். மணிக்கு எவ்வளவு மருந்து என்பது ஒரு அமைப்புக் கோப்பில் இருக்கும். அதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பிரிக்கும் பகுதியை எழுதியவர் என் கணவர். எண் எங்கே முடிகிறது என்று நினைவில் வைக்கும் மாறிக்கு அவர் வைத்த பெயர் 'எக்ஸ்'. புதிதாக வருபவர்களெல்லாம் அதில் போய் முட்டிக்கொண்டார்கள்.

'எண்ணின் முடிவு' என்று மாற்றலாம் என்றேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

“இவளுக்கு லேபிள் ஒட்டலேன்னா தூக்கம் வராது. என் நெத்தியிலயும் 'புருஷன்'னு ஒட்டிடுவா, பாத்துக்கங்க.”

நானும் சிரித்தேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். 'பெயர் மாற்றம் மட்டும்' என்று குறிப்பு எழுதினால், சரிபார்ப்பவர் திறந்துகூடப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்துவிடுவார். சரிபார்ப்பவர் அவர்தான். நான் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. கரு கலைந்த வாரம் நான்கு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து அவர் பையில் பார்த்தபோது உறை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நாற்பத்தோரு இடங்களில் பெயரை மாற்றினேன். நாற்பத்திரண்டாவது இடத்தில், தசமப் புள்ளியைக் கவனிக்கும் வரியை எடுத்துவிட்டேன். இனி 2.5 என்பது 25. அதைக் கண்டுபிடிக்கும் சோதனையையும் எடுத்துவிட்டேன்.

அவர் மேசைக்கே போய், “ஒரு தடவ படிச்சுப் பாருங்களேன்” என்றேன்.

“பேர் மாத்தினதுல படிக்க என்னம்மா இருக்கு?” ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார். “சாயங்காலம் அம்மாவைப் பாக்கப் போறேன், வர்றியா?”

அத்தை அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவமனையில் எங்கள் கருவியோடுதான் படுத்திருந்தார். அத்தை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. “உன் கை பட்டா எல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிடுதும்மா” என்று என் டப்பாக்களைப் பாராட்டிய ஒரே ஆள். கூடப் போனேன். புதிய மென்பொருள் ஐந்து மணிக்கு அங்கிருக்கும் கருவிகளில் ஏறும். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அத்தையின் தலையணையைச் சரிசெய்து வைத்தேன். ஏழு மணிக்கு அத்தை போய்விட்டார்.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். இதையாவது படிப்பாரா என்று பார்த்தேன். படித்திருந்தால் அவர் அம்மா இருந்திருப்பார். ஒப்புதல் அவருடையது, நேரத்தோடு பதிவாகியிருக்கிறது, பாருங்கள்.

நான் பெயரைத்தான் மாற்றினேன்.