அவரைத்தான் கேக்குறேன்

— பரந்தாமன் ஐயா, காலைல என்ன டிபன் சாப்பிட்டீங்க?

— இட்லி டாக்டரம்மா! மூணு இட்லி, வேர்க்கல்ல சட்னி. நல்லாத் துன்னாரு.

— வேம்புலியம்மா, நான் அவரைத்தான் கேக்குறேன்.

— அவருதான் பேசமாட்டாரே! பக்கவாதம் வந்து ஆறு மாசமா இன்னா கேட்டாலும் "ரைட் ரைட்"டுதான். இருவது வருசம் பூந்தமல்லி பஸ்ல கண்டக்டரா கூவுன வாயி. அது ஒண்ணுதான் மிச்சம் கீது.

— அது பழக்கத்துல தானா வர்ற வார்த்தைம்மா. யோசிச்சுச் சொல்ற வார்த்தையை உள்ள தேடிப் பிடிக்கணும், நேரமாகும். அப்புறம் நான் டாக்டர் இல்ல, பேச்சுப் பயிற்சி குடுக்கிறவ. ஹில்டான்னே கூப்பிடுங்க.

— பேர் சொல்லில்லாம் கூப்பிட முடியாது, போம்மா. நூம்பல்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி அம்பத்தூருக்கு வந்துகினு கீறோம், சும்மாவா? ஞாயித்துக்கெயம எங்க பாப்பா தேன்மொழியப் பொண்ணு பாக்க வேப்பம்பட்டுலேர்ந்து வராங்கோ. பையனுக்கு ஆவடி பாக்டரில வேல. இவரு வாசல்ல நின்னு "வாங்க"ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். "ரைட் ரைட்"டுன்னா வந்தவங்க அப்டியே கெளம்பிப் பூடுவாங்க!

— ரைட்... ரைட்.

— பாத்தியா!

— சிரிக்கிறார் பாருங்க, வேணும்னே சொல்றார். சரி, இன்னிக்குப் பயிற்சி உங்களுக்குத்தான் வேம்புலியம்மா.

— எனக்கின்னாத்துக்கு? என் வாயி நல்லாத்தான கீது?

— அதான் கஷ்டமே. நான் அவரை ஏதாவது கேட்டா, நீங்க மனசுக்குள்ள இருபது வரைக்கும் எண்ணணும். அதுவரைக்கும் பேச்சே கூடாது. ஐயா, காலைல என்ன டிபன்?

— ஒண்ணு, ரெண்டு, மூணு...

— மனசுக்குள்ள!

— அட, ஆமா.

— ...உப்... உப்மா.

— யோவ்!

— இட்லின்னீங்களே?

— மாவு பொங்கிப் புளிச்சுப் பூட்ச்சும்மா. உப்மான்னு சொல்ல வெக்கமா கீது. யோவ், ஆறு மாசம் கயிச்சு வாயத் தொறந்தியே, என்னிய மாட்டி உடத்தான் தொறந்தியா! ஐயோ, எங்கூட்டுக்காரரு பேசிட்டாரும்மா!

— அழாதீங்க.

— சந்தோசத்துல வர்தும்மா. சூட்டோட சூடா "வாங்க"வையும் சொல்ல வச்சிடு.

— அவசரமே படாதீங்க. ஐயா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க வராங்களாமே. அதப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?

— பாப்பா...

— ஆமாய்யா, பாப்பாவப் பாக்கத்தான்...

— வேம்புலியம்மா!

— இல்லம்மா, பேசல.

— பாப்பா... அய்தா.

— எப்போ? எனக்குத் தெரியாமயா?

— தெனம். எங்...கிட்ட.

— என்ன சொல்லி அழுதா ஐயா? மெதுவா வரட்டும், நாங்க காத்திருக்கோம்.

— கல்யா...ணம்... வேணாம். நர்சு... படிக்கணும்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! பெத்தவ குத்துக்கல்லாட்டம் கீறேன், பேச வராத மனுசங்கிட்டப் போயி சொல்லிகினு கீறாளே!

— இவர் குறுக்க பேசமாட்டாரும்மா. கடைசிவரைக்கும் கேப்பார். அதான் இவர்கிட்ட சொல்லியிருக்கா.

— நீ சொல்றதும் நாயந்தான். என் மூஞ்சியப் பாத்தா எப்டிச் சொல்லுவா? நான் அதுக்குள்ள மண்டபமே பேசி முடிச்சிருப்பேன்.

— கோவமா?

— கோவந்தான். ஊட்டுக்குப் போயி அப்பனையும் பொண்ணையும் வச்சிக்கறேன். மொதல்ல இங்க போன் பூத்து எங்க கீது, அத்தச் சொல்லு. வேப்பம்பட்டுக்கு வரவேணாம்னு சொல்லணும்.

— காரணம் கேட்டா என்ன சொல்வீங்க?

— இன்னா பெரிய காரணம்? பொண்ணப் பெத்த அப்பன் வேணாம்னுட்டாரு, தன் வாயால சொல்ட்டாருன்னு சொல்லுவேன்!