அழக்கூடாத வீடு

இன்று காலை திருப்பரங்குன்றத்தில் ரயில் ஏறினேன். எதிர்ப்பலகையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மதுரையில் ஒரே மில்லில் வேலை செய்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

“மேனேஜர் முன்னாடி கொஞ்சம் அழுதுரு மாப்ள. சொல்லாம கொள்ளாம இம்புட்டு நாளு வேலைக்கு வராம நின்னவனை வேற எப்படி விடுவான்? சீட்டைக் கிழிச்சிருவான்.”

“அழ முடியாது மாமா.”

“மூத்த பயலை மாரியாத்தா எடுத்துக்கிட்டா. பெத்த புள்ளைக்கு அழ மாட்டியா?”

“சின்னவளுக்கும் அம்மை போட்டிருக்கு. ஆத்தா இன்னும் வீட்டுலதான் இருக்கா. அழுதா அவளுக்குக் கோவம் வந்து சின்னவளையும் கேட்டுருவா. என் பொஞ்சாதி வாயில துணியை அடைச்சுக்கிட்டுக் கெடக்கா.”

“ஒரு ஆள்கிட்ட மில்லுக்குச் சொல்லி விட்டிருக்கலாமேய்யா.”

“அம்மை போட்ட வீட்டு வாசலுக்கு யார் வாரா?”

பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையுடன் எழுந்து தள்ளிப் போனார். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“மில்லுல அழுதா என்னய்யா? அது உன் வீடு இல்லையே.”

“அவளுக்குத் தெரியாத எடம் இருக்கா மாமா?”

மூத்தவர் சற்று யோசித்தார். “சரி, நான் அழுறேன். நீ பேசாம பக்கத்துல நில்லு.”

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் கோணிவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இளையவர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“இங்கயே அழுது தீத்துராதீக மாமா. மேனேஜர் பாக்கணும்.”