அவருக்காக அவள் நடந்த நடை

ஓசூரில் கிட்னி டாக்டரின் அறை வாசலில் குழந்தையோடு காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த மத்தூர்க்கார அம்மா தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

“உங்க நடையயும் நான்தானே நடந்தேன்!”

காலடி எண்ணும் கடிகாரத்தை அவர்கள் மகன் அப்பாவுக்குத்தான் வாங்கித் தந்திருக்கிறான். அது அந்த அம்மாவின் கையில் இருந்தது.

“உன்ன யாருடி கட்டிக்கச் சொன்னது?”

“டிவி முன்னால உக்காந்தா நீங்க எழுந்திரிக்கறதே இல்ல. பையன் போன்ல காலடிக் கணக்கப் பாத்துட்டுத் திட்டுவான்னு கட்டிக்கினேன்.”

“டாக்டரும் நான் நல்லா நடக்கறேன்னு நம்பிட்டாரு.”

“கிட்னி இன்னும் மோசமாயிடுச்சாம். இன்னிக்காச்சும் நெசத்தச் சொல்லிடுங்க.”

“பையன் எதிர்ல எப்டிடி சொல்றது?”

வண்டியை நிறுத்திவிட்டு மகன் படியேறி வந்தான். அம்மா அவசரமாகக் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டப் பார்த்தார். வீங்கியிருந்த மணிக்கட்டுக்கு வார் எட்டவில்லை.