சாவி கதவிலேயே இருந்த வீடு

என் பெயர் செஃபெரினோ அல்கைதே. வயது எழுபத்தாறு. தகப்பனார் பெயர் லெயோன்சியோ, காலமாகிவிட்டார். நாட்டின் தெற்கே உள்ள கோர்தோபா நகரில் ஆற்றுக்குத் தென்கரையில் என் மனைவி பியேதாதுடன் வசித்து வருகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. வடமேற்கே கலீசியக் கடற்கரையில் உள்ள லோபெய்ரஸ் என்ற சிற்றூரில், திரு. எவரிஸ்தோ லொவ்ரிதோவுக்குச் சொந்தமான வீட்டில் நானும் என் மனைவியும் மகளும் அவருக்குத் தெரியாமல் தங்கியிருந்தோம் என்றும், பக்கத்து வீட்டு ஒப்துலியா அம்மாள் பணம் வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே விட்டார் என்றும் அவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்டேன். அந்த அம்மாளைக் குற்றவாளியாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் என் சொல்லைப் பொறுத்தது என்று தலைமைக் காவலர் திரு. வெய்கா எனக்கு விளக்கினார். அதை விளங்கிக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

சென்ற வருடம் ஜூலை மாத வெயிலில் என் மனைவி சமையலறையில் மயங்கி விழுந்தார். மறு கோடையை ஊரில் கழிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு, கோடைக்கு வாடகைக்கு எடுக்க ஒரு கடற்கரை வில்லாவைத் தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். குளிர்காலம் முழுவதும் தேடினேன். கடல் காற்று மேற்கிலிருந்து நேராக வந்து மோதும் கரை, இரவில் கம்பளி தேவைப்படும் வீடு, கணப்பு ஒன்று, கடலைப் பார்த்த கண்ணாடி வராந்தா ஒன்று, இவையே எனக்கு வேண்டியிருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் கடல்சார் குளிர் பருவநிலையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு நாள் கூட அதில் நின்றதில்லை. என் மகள் அராசெலி இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்பா, மலாகா பக்கம் நீச்சல் குளத்தோட வில்லா கெடக்குது. நீங்க ஆகஸ்ட் மாசத்துல நெருப்பு மூட்டுற வீட்டைத் தேடுறீங்க. ஊர் உலகம் வெயிலுக்குக் காசு குடுக்குது, நீங்க தூறலுக்குக் குடுக்கப் போறீங்க" என்றாள்.

"விடுடி. போர்த்திக்கிட்டுத் தூங்கி எத்தனை காலமாச்சு எனக்கு" என்று என் மனைவி சொன்னதால் என் தேர்வே நிலைத்தது. லோபெய்ரஸ் பக்கத்தில் ஒரு வில்லாவை ஒரு முகவர் மூலம் பிடித்தோம். முகவர் தந்த வழி இதுதான்: சிறு கோயிலைத் தாண்டி, கடல் பக்கமாகக் கடைசிக் கல் வீடு, கண்ணாடி வராந்தா உள்ளது, சாவி கதவிலேயே இருக்கும். வீட்டு எண் கிடையாது. இந்தப் பகுதியில் வீடுகளுக்கு எண் இருப்பதில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அராசெலி காரை ஓட்ட நாங்கள் வந்து சேர்ந்தோம். கடைசி மலையைத் தாண்டியதும் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து சாலையை மறைத்தது. கைபேசியில் வழிகாட்டல் நின்றுவிட்டது. ஒரு சிறு கோயில் தெரிந்தது. கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு கோயில்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாது, கோயிலின் பெயரையும் நான் விசாரிக்கவில்லை. அதைத் தாண்டி, கடல் பக்கமாகக் கடைசியில் ஒரு கல் வீடும் கண்ணாடி வராந்தாவும் தெரிந்தன. பக்கத்து நிலத்தில் ஓர் அம்மாள் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். அவர்தான் ஒப்துலியா. நான் காரை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அம்மா, தெற்கிலேருந்து வர்றவங்களுக்கான வீடு இதுதானுங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிமிராமலே, "பின்னே வேற எதுவாம்?" என்றார்.

"சாவி கதவுலயே இருக்கும்னு சொன்னாங்க."

"கதவோட சாவி கதவுல இல்லாம கோயில்லயா இருக்கும்?"

நான் நன்றி சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினேன். இந்த ஊர்க்காரர்கள் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வார்கள் என்றும், அதில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை என்றும் தெற்கே எங்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகு உள்ளே போனோம். படுக்கைகள் விரித்திருந்தன. கணப்பில் விறகு அடுக்கியிருந்தது. சுவரில் ஒரு வயதான அம்மாளின் படம் மாட்டியிருந்தது. முகவர் காட்டிய படத்தில் வராந்தாவின் சட்டம் வெள்ளை, இங்கே பச்சை. பாத்திரம் கழுவும் இயந்திரம் இருக்கும் என்றார்கள், இல்லை. இவற்றைக் கண்டபோதே எனக்கு நெருடியது. ஆனால் நான் எதையும் சந்தேகிக்கும்போது முதலில் என்னையே சந்தேகிப்பவன். என் மனைவியிடம் சொன்னேன். "படத்துல எல்லாமே வேற மாதிரிதான் இருக்கும். வந்ததும் வராததுமா முகவரோட சண்டைக்குப் போகாதீங்க" என்றார். நான் சண்டைக்குப் போகிறவன் அல்ல என்பது அவருக்குத் தெரியும். அந்த ஊரில் கைபேசி எடுப்பதில்லை என்பதால் ஏன் வந்து சேரவில்லை என்று முகவராலும் எங்களைக் கேட்க முடியவில்லை.

முதல் இரவு என் மனைவி இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு விடியும் வரை தூங்கினார். நான் விழித்திருந்து அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் வராந்தாவில் உட்கார்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே மழை என்றும் பனி என்றும் சொல்ல முடியாத ஒரு தூறல். அதற்கு அப்பால் கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது, வெயில் வந்ததும் பச்சையானது. நடுப்பகலில் கூட ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. இது வழக்குக்குத் தேவையில்லாதது என்று தலைமைக் காவலர் சொன்னார். அந்த வீட்டில் நாங்கள் ஏன் ஒரு வாரத்துக்கு மேல் எந்தக் கேள்வியும் இல்லாமல் இருந்தோம் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் இல்லாததால் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த நாட்களில் வாசற்படியில் ஏதாவது இருக்கும். ஒரு நாள் உருளைக்கிழங்கு. ஒரு நாள் முட்டை. ஒரு நாள் சிறு பச்சை மிளகாய், பத்தில் ஒன்றுதான் காரம். யார் வைத்தது என்று சொல்வார் இல்லை. ஒரு நாள் ஒப்துலியா அம்மாள் வேகவைத்த ஆக்டோபஸைத் தட்டோடு கொண்டுவந்தார். நான் பணப்பையை எடுத்தேன்.

"அதை உள்ள வைங்க வாத்தியாரே. கடையா வச்சிருக்கேன் நானு?" என்றார்.

என் மனைவியைப் பார்த்து, "நல்லாச் சாப்பிடு தாயி. இந்தக் காத்துல நீ பறந்துட்டா வாத்தியாரா படகெடுத்துத் தேடப் போறாரு?" என்றார். நான் சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவதைப் பார்த்து, "குளிக்கப் போறீங்களா, பூசைக்குப் போறீங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். என் மனைவி வாய்விட்டுச் சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. வாரக் கடைசியில் இரண்டு பேருமாகப் பாறை முனை வரை நடந்து போய்த் திரும்பினார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த எதுவும் செய்யாததை அந்த ஊர்க் காற்றும் அந்த அம்மாளின் வாயும் செய்தன என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மாலை அவர், "எவரிஸ்தோ எப்ப வர்றானாம்?" என்று என்னைக் கேட்டார். எவரிஸ்தோ யார் என்று எனக்குத் தெரியாது. வீட்டை வாடகைக்கு விட்டவராக இருக்கும் என்று எண்ணி, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "நாங்க இருக்கும்போதே வந்தாலும் வருவாருங்க" என்றேன். அதன் பிறகும் எங்களை எவரிஸ்தோவின் விருந்தாளிகள் என்று அவர் தொடர்ந்து நம்பியதற்கு இந்தப் பதிலே காரணம். சூரிக் நகரில் வேலை செய்யும் எவரிஸ்தோ ஒவ்வோர் ஆகஸ்டிலும் யாரையாவது வரச் சொல்வது வழக்கம் என்றும், அவருடைய தாயார் இறந்த நாளிலிருந்து இந்த அம்மாள்தான் வீட்டைத் திறந்து காற்றாட விட்டு, படுக்கை விரித்து வைக்கிறார் என்றும், அதற்குக் கூலி எதுவும் வாங்குவதில்லை என்றும் நான் பின்னால்தான் அறிந்தேன்.

அதன் பிறகு நேற்று மதியம் நாங்கள் வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் பெட்டியோடு உள்ளே வந்து நின்றார். என் மனைவி குளிருக்கு அலமாரியில் இருந்த ஒரு கறுப்புச் சால்வையை எடுத்துப் போர்த்தியிருந்தார். வந்தவர் முதலில் அந்தச் சால்வையைத்தான் பார்த்தார். "யாரு நீங்க? எங்கம்மா சால்வையப் போட்டுக்கிட்டு எங்கம்மா நாற்காலியில உக்காந்திருக்கீங்களே, யாரு நீங்க?" என்றார். நாங்கள் ஆளில்லாத வீட்டில் புகுந்து பிடித்துக்கொள்ளும் கூட்டம் என்று நினைத்துவிட்டார். நான் எழுந்து, வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்றேன். அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவர் வெளியே போய் வேலியருகே நின்று கத்தினார்.

"ஒப்துலியாக்கா! எங்க வீட்டை வாடகைக்கு விட்டியா?"

"விட்டிருந்தா உங்கிட்டச் சொல்லாம இருப்பேனாடா?"

"ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லு!"

அந்த அம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எவரிஸ்தோ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். நாங்கள் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு, முனைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். நாங்கள் எடுத்த வில்லா அங்கே இருந்தது. சட்டங்கள் வெள்ளை. சாவி கதவிலேயே இருந்தது.

இன்று விசாரணைக்கு முன் நிலையத்தின் நடையில் என் மகள் என்னைத் தனியே அழைத்து, "அப்பா, அந்தம்மா ஆமான்னு சொல்லிச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. நீங்க கேட்டீங்க, அவங்க சொன்னாங்க, நாம உள்ள போனோம். நம்ம மேல ஒண்ணும் வராது. அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊர் போய்ச் சேரலாம்" என்றாள். அவள் தவறாக எதையும் சொல்லச் சொல்லவில்லை என்றே நினைக்கிறாள். நானும் சிறிது நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

தலைமைக் காவலர் கேட்டதற்குச் சொல்வது: அந்த அம்மாளுக்கு நாங்கள் பணமோ பொருளோ எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க முயன்றும் அவர் வாங்கவில்லை. வீட்டுக்குள் போகச் சொன்னவரும் அவர் அல்ல. வீட்டில் உடைந்தது ஒரு கோப்பை. அதற்கும், தங்கிய நாட்களுக்கும், சால்வைக்கும் உரிமையாளர் என்ன கேட்டாலும் கொடுக்கக் கடமைப்பட்டவன்.

அதன் பிறகு இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில், 'இதுதான் அந்த வீடு என்று ஒப்துலியா கூறினார்' என்று எழுதியிருந்தது. நான் வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் எழுதியதை மாற்றச் சொன்னவன் அல்ல. இதை மாற்றச் சொன்னேன். அவர் கூறவில்லை, கேட்டார். அந்தக் கேள்வியை நானே பதிலாக்கிக்கொண்டேன்.

"ஐயா, அது இருந்தா உங்களுக்கு நல்லது. மாத்தினா யாரும் சொல்லாமலே அடுத்தவர் வீட்டுக்குள்ள போனதா ஆகும்" என்றார் திரு. வெய்கா.

"தெரியுதுங்க" என்றேன்.

"நானும் இந்த ஊர்க்காரன்தான். நாங்க பேசுறது எங்களுக்கே சில சமயம் வெளங்காது. நீங்க பாவம்."

"இருந்தாலும் மாத்திடுங்க" என்றேன். மாற்றினார். மேலே எழுதியிருப்பது மாற்றிய வடிவம்.

அதன் பிறகு அந்தப் பகுதியை எவரிஸ்தோவுக்கு அடுத்த அறையில் படித்துக் காட்டினார்கள். அவர் வெளியே வந்து, நடையில் உட்கார்ந்திருந்த ஒப்துலியா அம்மாளின் முன் நின்றார். கதவு திறந்திருந்ததால் அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"ஏன்க்கா நேத்தே இல்லைனு ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஏன்டா அப்படிக் கேட்ட?" என்றார் அந்த அம்மாள்.

எவரிஸ்தோ அந்த அம்மாளின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து, அந்த அம்மாளைப் பற்றிய புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தலைமைக் காவலரிடம் சொன்னார். என்னைப் பற்றிய பகுதியை அவர் திரும்பப் பெறவில்லை. அது சரி என்றே நான் கருதுகிறேன், இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மேலே கண்டவை முழுவதும் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. படித்துக் காட்டக் கேட்டேன், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன், மாற்ற வேண்டியதை மாற்றியாகிவிட்டது. இனி மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) செஃபெரினோ அல்கைதே
என் முன்னிலையில்: தலைமைக் காவலர் வெய்கா