அஜீசா கல்யாணத்து மான்

கரிச்சான், உன் பெயரைச் சொல்லு சொல்லு என்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

(மேற்கண்ட வரியை எழுதிக்கொண்டால்தான் மேலே பேசுவேன் என்று சாட்சி சொன்னபடியால் எழுதப்பட்டது.)

என் பெயர் ராக்காயி. வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில் கீழ் லயத்தில் குடியிருக்கிறேன். பால்மரம் வெட்டுகிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை, கரிச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஆகையால் கூட வந்த பக்கத்து வீட்டு மருதம்மாள் சொல்ல, பக்கிரிசாமி என்று எழுதிக்கொண்டார்கள். இனி அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் மருதம்மாள் சொன்னதாகவே வைத்துக்கொள்ள வேண்டியது.

பீடோங் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அய்யூப் பாயை, என் வீட்டுக்காரரை ஜப்பான்காரனுக்குக் காட்டிக்கொடுத்தார் என்று எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கம் மனுக் கொடுத்து, இந்த நிலையத்தில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். பாய் குற்றம் இல்லாதவர் என்று சொல்லி அவரை வெளியே கொண்டுவரத்தான் நானாக நடந்து வந்தேன். யாரும் என்னைச் சொல்லி அனுப்பவில்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை பினாங்குக்கு ஓடியபோது வேட்டைத் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போனார். துரை காட்டுக்குப் போகும்போதெல்லாம் துப்பாக்கி தூக்கிக்கொண்டு கூடப் போனவர் என் வீட்டுக்காரர். ஆகையால் அவர் அதை எடுத்து ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூட்டின் கூரைக்குள் சொருகி வைத்தார். அகப்பட்டால் தலை போகும் என்று எங்களுக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கையே தின்று லயத்துப் பிள்ளைகளுக்குக் கால் வீங்கியதால்தான் அதைத் திரும்ப வெளியே எடுத்தார். இடி இடிக்கிற சாயங்காலத்தில் மட்டும் சுடுவார். வெடிச்சத்தத்தை மழை வாங்கிக்கொள்ளும்.

குண்டு இரண்டு வகை இருந்தது. இரண்டும் துரைக்கும் முந்தின துரை காலத்துப் பழசு, பித்தளையில் பச்சை பூத்துப்போனது. விசையைத் தட்டினால் முதலில் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும், அட கெட்டுப்போச்சே என்று நினைத்து முடிப்பதற்குள் ‘டமார்’ என்று தோளில் உதைக்கும். ஒரு வகைக்கு நுனியில் ஈயம் தெரியும். அதற்கு ஈயமூக்கன் என்று அவர் பெயர் வைத்தார். இன்னொன்று நுனிவரை செம்புத் தகடு மூடியது, அது செம்புத்தொப்பி. யானை, காட்டெருமை மாதிரி தடித்த உடம்புக்கென்று துரை வைத்திருந்தது.

சுடுவது அவர், அறுத்துக் கூறு போடுவது நான். குண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அரிவாள் வழியாகத் தெரிந்ததுதான். ஈயமூக்கன் போகிற ஓட்டை பட்டாணி அளவு இருக்கும். உள்ளே போனதும் காளான் மாதிரி விரிந்து தோளெலும்பை நொறுக்கி மறுபக்கத்துத் தோலுக்கடியில் சப்பையாய் நிற்கும். பன்றி நின்ற இடத்திலேயே விழும். ஆனால் அந்தப் பக்கத்து இறைச்சி முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்து, கழுவக் கழுவ ஈயத்தூள் வரும். மருதம்மாளின் கடைவாய்ப்பல் அதில்தான் உடைந்தது. இப்போது சிரிக்கிறாள், அன்றைக்குத் திட்டினாள். செம்புத்தொப்பி அப்படியில்லை. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் சின்ன ஓட்டையாகவே வெளியே போய்விடும், இறைச்சி கெடாது. ஆனால் மிருகமும் விழாது, ஓடும். ஒரு பெரிய பன்றி அப்படி ஓடிச் சதுப்பில் இறங்கி மறைந்தபோது என் வீட்டுக்காரர் சேற்றில் குந்திக்கொண்டு, “குண்டா இது? பன்னிக்குக் காது குத்துற ஊசிலா” என்றார். அதன் பிறகு செம்புத்தொப்பியை அவர் தொடவில்லை.

இப்படியிருக்க, ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் மழை தொடங்கும் சமயம் அய்யூப் பாய் மகள் அஜீசாவுக்குக் கல்யாணம் குறித்தார்கள். அரிசி கொஞ்சம் பதுக்கி வைத்திருந்தார், கறிக்கு வழியில்லை. ஆடு மாடெல்லாம் ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பாயும் என் வீட்டுக்காரரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். பாய் லயத்துக்கு வந்து எங்கள் படியில் உட்கார்ந்து, “ஓய் பக்கிரி, ஒரே மக. கிழங்கைப் போட்டு நிக்காஹ் முடிச்சா சம்பந்தி வீட்டுக்காரன் காலம்பூரா சொல்லிக் காட்டுவான்” என்றார்.

“ஒரு மிளா மான் அடிச்சுத் தாரேன் பாய். அதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடுறீரு?”

“நீரு அடிச்சா செத்துல்ல விழும்? உசிரு இருக்கையில பிஸ்மி சொல்லி நான் அறுத்தாத்தான் எங்க ஆளு கை வைப்பான்.”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு துள்ளி எழுந்து, “ஏய் ராக்கு, அந்த ஊசிய எடுடி” என்றார். எனக்கு விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பன்றிக்கு ஆகாத குண்டு பாய் வீட்டு மானுக்குத்தான் ஆகும் என்று இருந்திருக்கிறது.

மறு சாயங்காலம் இடி இடிக்கவே நாங்கள் மூவரும் செமிலிங் பக்கத்துக் காட்டில் போய்ப் பதுங்கினோம். பாய் கைலியை மடித்துக் கட்டிக் கையில் கத்தியோடு ஒரு புதருக்குப் பின்னால் நின்றார். நான் சாக்கும் கூடையும் வைத்திருந்தேன். கொம்பு முளைத்த ஆண் மிளா ஒன்று நீர்க்கரைக்கு வந்தது. முதலில் ‘டிக்’ என்றது. பாய் அதை வெடி என்று நினைத்து, பிஸ்மி சொல்லிக்கொண்டே வெளியே ஓடி வந்துவிட்டார். அதன் பிறகுதான் ‘டமார்’ என்றது. மிளா விழவில்லை. பாயை உரசிக்கொண்டு ஓடியது, போகிற போக்கில் கொம்பு கைலியை உருவிக்கொண்டு போய்விட்டது.

“பாய், மான் அந்தப் பக்கம்!”

“மானு கெடக்கட்டும்வே, என் மானம் எந்தப் பக்கம் போச்சு?”

நான் திரும்பி நின்றுகொண்டு சாக்கைப் பின்பக்கமாக எறிந்தேன். அதன் பிறகு பாய் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓட, நாங்களும் ஓடினோம். மிளா கூப்பிடு தூரத்தில், கொம்பில் கைலியோடு, மூச்சு வாங்கியபடி படுத்திருந்தது. உயிர் இருந்தது. பாய் மேற்கே திருப்பிப் பிஸ்மி சொல்லி அறுத்தார். அறுத்தபின் இரண்டு ஆம்பிளைகளும் மழையில் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள், சாக்கு மறுபடியும் அவிழ்ந்தது. அந்த மிளாவை நான்தான் உரித்தேன். இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை, ஒரு கைப்பிடி இறைச்சி கூட வீணாகவில்லை.

அதன் பிறகு கல்யாணம். கிராணி தன் மனுவில், பந்தியில் பாய் என் வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாகச் சொன்னார் என்றும், ஜப்பான் அதிகாரிக்குப் பேச்சைப் பாஷை மாற்றிச் சொல்கிறவர் அங்கே இருந்தார் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் உண்மை. நான் பின்கட்டில் சித்தி அக்காவோடு, அதாவது பாய் மனைவியோடு, சட்டி கழுவிக்கொண்டிருந்தேன், என் காதாலும் கேட்டேன். சம்பந்தி, “இந்தக் காலத்துல மானுக்கு எங்கே போனீங்க?” என்று கேட்க, பாய் சந்தோஷத்தில் வாய் தவறி, “எல்லாம் பக்கிரி குடுத்தது” என்று சொல்லிவிட்டார்.

நான் சட்டியைப் போட்டுவிட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஆனால் பந்தியில் இருந்தவர்கள் பெயர் என்று அதை எடுக்கவில்லை. நாகூர் தர்காவிலிருந்து யாரோ ஒரு பக்கிரிசா வந்து, துஆ ஓதி மானை வரவழைத்துக் கொடுத்ததாக நினைத்துவிட்டார்கள். ஒருவர் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் கறி போடச் சொன்னார்கள். பக்கிரிசா எங்கே, பார்க்க வேண்டுமே என்று எழுந்தார்கள். பேச்சு மாற்றுகிற ஆள்தான் முதலில் பின்கட்டுக்கு வந்தார். அங்கே ரத்தக் கவிச்சி போகக் குளித்துவிட்டு, தாடியோடு, பாய் கொடுத்த பச்சைக் கைலியில் உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர்தான். அந்த ஆள் காலருகே குந்தி, “பாவா, வயித்து வலி தாங்கலே” என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சட்டி கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அதை அவர் அந்த ஆள் கையில் கட்டி, பால்மரத்துக்குச் சொல்லும் வசவையே வாய்க்குள் முணுமுணுத்து ஊதிவிட்டார். சித்தி அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினார். “உம்ம பேருல பாதி எங்க ஆளுன்னு அப்பவே சொன்னேன்லா” என்று பாய் அன்றைக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். லயத்துக்கு நாங்கள் கறிச்சட்டியோடு திரும்பினோம். வழியெல்லாம் அவர் ஊதுகிற மாதிரி ஊதிக் காட்ட, எனக்கு நடக்க முடியவில்லை, ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தேன்.

அதன் பிறகு சில நாள் கழித்து, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணும்போது ஜப்பான் லாரி வந்து, நின்ற ஆம்பிளைகளை எல்லாம் சியாமில் ரயில் ரோடு போடும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. தனியாக யார் பெயரையும் கூப்பிடவில்லை. பாய் காட்டிக்கொடுத்திருந்தால் துப்பாக்கியைத்தானே முதலில் தேடியிருப்பார்கள்? புகைக்கூட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஜப்பான்காரன் தோற்றபின் துப்பாக்கியையும் மிச்ச ஈயமூக்கன்களையும் இதே நிலையத்தில் நான் ஒப்படைத்திருக்கிறேன். வேறு லாரியில் போய்த் திரும்பி வந்த பிச்சை, என் வீட்டுக்காரர் சியாமில் காய்ச்சலில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

அன்றைக்கு லாரி பீடோங் வழியாகத்தான் போனது. நான் பின்னால் ஓடி வந்து பார்த்ததைச் சொல்கிறேன். கடைத்தெருவில் அது மெதுவாகத் திரும்பியபோது பாய் கடையை விட்டுக் குதித்து, மான் உப்புக்கண்டத்தைப் பாக்கு மட்டையில் கட்டி வைத்திருந்த பொட்டலத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். தோளில் வாங்கிக்கொண்டு ஓடினார். அந்தத் தோள் இன்னும் சரியாகத் தூக்க வராது, சட்டையைக் கழற்றிப் பார்க்கலாம். பொட்டலத்தை வீசினார். லாரிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதைப் பிடித்தது. முகம் தெரியவில்லை. காட்டிக்கொடுத்தவன் அப்படி ஓட மாட்டான். அவரை விட்டுவிட வேண்டியது.

சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுதத் தெரியாததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(ராக்காயி — இடது பெருவிரல் ரேகை. சாட்சி: மருதம்மாள், ரேகை.)

(ரேகை வைத்தபின் ராக்காயி இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னபடியால் எழுதப்பட்டது.)

கரிச்சான், பொட்டலத்தைப் பிடித்த அந்தக் கை உன்னுடையதுதானா?