நான்கு பாட்டில்களின் சுருதி

என் தாடைக்குக் கீழே இடது பக்கம் இருக்கும் தழும்பைப் பழைய காயம் என்று உங்கள் எழுத்தர் குறித்துக்கொண்டார். அது காயம் இல்லை, ஐயா. முப்பது வருடம் வயலினை அங்கே அழுத்திப் பிடித்தால் யாருக்கும் வரும். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். எழுதுவது சரியாக இருக்கட்டும் என்றுதான் யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

என் தங்கையின் கணவன் புகைப்படக்காரன். என்னைவிட நாலு வயது இளையவன், முதலில் நண்பன், பிறகுதான் மாப்பிள்ளை. அதனால் அவன் இவன் என்றே பேசுகிறேன், மரியாதைக் குறைவு இல்லை. கீழ்வீட்டில் நான், மேல்வீட்டில் அவர்கள். சேர்ந்து ஒன்று செய்யலாம் என்று எட்டு வருடத்துக்கு முன் அவன்தான் ஆரம்பித்தான். வேலை நடக்கும் இடங்களுக்கு இருவரும் போவோம். சலவைக்கூடம், ரொட்டி சுடும் இடம், பேருந்துப் பணிமனை. ஒரு மூலையில் நின்று நான் வில்லை மெதுவாக இழுப்பேன். இழுத்து முடிக்கும்வரை அவனுடைய கேமரா திறந்திருக்கும், வில் நின்றதும் மூடிக்கொள்ளும். நகர்ந்தவர்கள் படத்தில் புகையாகக் கரைந்திருப்பார்கள், நின்றவர்கள் மட்டும் தெளிவாக இருப்பார்கள். ஒரு படத்துக்கு ஒரு வில் என்பது எங்கள் கணக்கு. யார் தெரிய வேண்டும், யார் கரைய வேண்டும் என்று முடிவு செய்தது என் கைதான். அதை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

முதல் கண்காட்சியில் பதினான்கு படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன ஒலிபெருக்கி, அதில் அந்தப் படத்துக்கான என் இசை. ஒரு அம்மாள் வந்து, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா, படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே போய்ச் சத்தத்தைத் திருகிக் குறைத்தான். பதினான்கையும் குறைத்தான். பிறகு என் தோளில் கைபோட்டுச் சொன்னான்.

"கோவிச்சுக்காத மச்சான். அவங்க பாக்க வந்தவங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று வந்தவர்களுக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுத்தது நான்தான். ஒப்புக்குச் சப்பாணியாக நிற்பதைவிட அது மேல். ஆனால் ஒன்று புரிந்தது. கண் திறந்திருக்கும்வரை மனிதனுக்குக் காது இரண்டாம்பட்சம். அது யாருடைய குற்றமும் இல்லை. உடம்பின் அமைப்பு அப்படி.

இப்போது இருட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பழைய பிலிமில் எடுக்கிறவன். மேல்வீட்டுச் சாமான் அறையை அடைத்து, அங்கேதான் கழுவுவான். துளி வெளிச்சம் கூடாது. நான்கு பாட்டில்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்புக் கண்ணாடி. மூன்றில் பிலிம் கழுவும் மருந்துகள். அவற்றில் ஒன்று கெட்டியான அமிலம், கலப்பதற்கு முன் தொட்டால் தோல் உரியும். நான்காவதில் காய்ச்சி ஆறிய தண்ணீர். மருந்து நெடியில் அவனுக்குக் கண் எரியும், வேலைக்கு நடுவே இருட்டிலேயே ஒரு கை தண்ணீர் எடுத்துக் கண்ணைக் கழுவிக்கொள்வான். என் தங்கை அறையைத் துடைக்கும்போது பாட்டில்களை இடம் மாற்றி வைத்துவிடுவாள். எத்தனை தடவை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதற்கு வழி கண்டுபிடித்தவன் நான்.

காற்றுப் பட்டால் மருந்து கெட்டுப்போகும் என்பதால், குறையக் குறையப் பாட்டிலுக்குள் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை ஏற்றுவது புகைப்படக்காரர்களின் வழக்கம். அந்தக் கோலிகளால் நான் சுருதி சேர்த்தேன். நிறைந்த பாட்டிலைத் தட்டினால் கனத்த ஒலி, குறைந்ததைத் தட்டினால் மேல் ஒலி. மருந்துகளுக்கு ச, க, ப. கண் கழுவும் தண்ணீருக்கு எல்லாவற்றுக்கும் மேலே, மேல் ச. மாப்பிள்ளை இருட்டில் நகத்தால் ஒரு தட்டு தட்டுவான், எது எது என்று தெரிந்துவிடும். திங்கள்தோறும் நான் போய்ச் சரிபார்ப்பேன். "எங்க அண்ணனும் வீட்டுக்காரரும் இந்த வயசுல கோலி விளையாடறாங்க" என்று என் தங்கை பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பாள். அவன் என் காதை மதித்தது அந்த அறையில் மட்டும்தான்.

ஆறு மாதத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், தங்கை கடைக்குப் போயிருந்தாள். அமிலத்தை மேல் ச வரும்வரை கொட்டிக் குறைத்தேன். தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒன்பது கோலி போட்டு, அமிலத்தின் பழைய ஒலிக்கு இறக்கினேன். இருபது நிமிட வேலை. நெடியை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்பீர்கள். பத்து வருடமாக அந்த அறையே அந்த நெடிதான். அவன் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது.

இரண்டு கண்ணும் போயின. மருத்துவமனையில் நான்தான் பதினோரு நாள் கூடவே இருந்தேன். சோறு ஊட்டினேன், கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துப் போனேன். சொந்த அண்ணன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று செவிலி சொன்னார். தான் பாட்டிலை மாற்றி வைத்ததால்தான் என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் தப்பு இல்லை என்று அவளுக்கு எத்தனையோ முறை சொன்னேன். ஒரு அண்ணன் வேறு என்ன செய்ய முடியும்.

போன மாதம் எங்கள் இரண்டாவது கண்காட்சி. படமே இல்லை. கதவை அடைத்து, விளக்கை அணைத்து, நாற்பது பேரை உட்காரவைத்து நான் மட்டும் வாசித்தேன். யாரும் இருமக்கூட இல்லை. முதல் வரிசையில் மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தான், அது என் காதில் விழுந்தது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. எட்டு வருடம் கழித்து அவன் கேட்டுவிட்டான் என்று நினைத்தேன். முடிந்ததும் எப்படி இருந்தது என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"எங்க மச்சான் கேட்டேன்? உள்ள ஒவ்வொரு படமா ஓடிட்டே இருந்துச்சு. அதையேதான் பாத்துட்டு இருந்தேன்."

சரி, பழக நாளாகும். நான் பொறுமைசாலி.

வந்த விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் என் தங்கை உங்களிடம் வந்து, என் அலட்சியத்தால்தான் அவர் கண் போச்சு, என்னைத் தண்டியுங்கள் என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் பாவம். ஆனால் அவளுக்கு ச எது, ப எது என்று தெரியாது. இடம் மாறினால் என்ன, தட்டினால் தெரியும்படிதானே நான் வைத்திருந்தேன். துடைப்பம் பிடித்த கையின் கவனக்குறைவு என்று அது உங்கள் கோப்பில் இருப்பதை என்னால் ஏற்க முடியாது. அவ்வளவு சுத்தமாகச் சுருதி சேர்க்க இந்த ஊரில் இன்னொருவர் இல்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், விட்டுப்போகக் கூடாது. அவன் கண் போன அன்று நான் இருட்டறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் ஒரு முறை தட்டினான். பிறகு இன்னும் இரண்டு முறை தட்டினான், சந்தேகம் வந்தால் அப்படித்தான் செய்வான்.

"மச்சான், இது மேல் ச தானே?"

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது சுருதியைப் பற்றி மட்டும்தான். "ஆமா மாப்ளே" என்றேன். அவனிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஐயா.